டேங்கை இடம் மாற்றிய பிறகு வண்டி மக்கர் பண்ணுகிறதா? பழைய ஷெவர்லே பிக்கப்புக்கு, அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10 பிக்கப்பில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால், முதுகுக்குப் பக்கத்தில், சுமார் 20 காலன் (ஏறக்குறைய 76 லிட்டர்). அதே காலத்து ஃபோர்டு எஃப்-100-லும் இதே ஏற்பாடுதான். 1973-ல் ஜெனரல் மோட்டார்ஸ் டேங்கைக் கேபினை விட்டு வெளியே கொண்டுபோனது. ஆனால் சேசிஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கம், பாடித் தகரத்தை ஒட்டி வைத்துவிட்டது. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து மோதினால் டேங்கைக் காப்பாற்ற நடுவில் ஒன்றுமில்லை. இந்த வண்டிகளைப் பற்றி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 1992-ல் விசாரணையைத் தொடங்கியது. பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5 கோடி டாலருக்கு மேல் தருவதாக நிறுவனம் 1994-ல் ஒப்புக்கொள்ள, விவகாரம் அத்தோடு முடிந்தது. வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லை.

அதனால் இந்த இரண்டு தலைமுறை வண்டிகளையும் வைத்திருப்பவர்கள் டேங்கைப் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால், சட்டத்தின் இரு கம்பிகளுக்கு நடுவே, ஸ்டெப்னி தொங்கும் இடத்துக்கு மாற்றுவது நல்ல காரியம்தான். பெரும்பாலும் 1973-க்குப் பிந்தைய பெரிய பிளேசரின் (ஷெவர்லேயின் ஜீப் வகை வண்டி) 25 அல்லது 31 காலன் டேங்கைப் போடுகிறார்கள். அலுமினியத்தில் புதிதாகச் செய்து வாங்கிப் போடுபவர்களும் உண்டு.

தொந்தரவு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. பெட்ரோல் மீட்டரின் முள் தப்பாகக் காட்டும், வண்டி பாதி வழியில் நிற்கும், வாடை அடிக்கும். உடனே பம்பை மாற்றுகிறார்கள். அது தீரவில்லை என்றால் கார்புரேட்டரைப் பிரிக்கிறார்கள். என் கருத்து இதுதான்: டேங்க் நகரும்போது கூடவே மூன்று விஷயங்கள் மாறிவிடுகின்றன. காற்று உள்ளே போகும் வழி, எர்த், பெட்ரோலை உறிஞ்ச வேண்டிய தூரம். பழைய டேங்க் கேபினில் உயரத்தில் இருந்ததால் பெட்ரோல் தானாகவே பம்பை நோக்கி இறங்கியது. எர்த்தைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புதிய இடத்தில் இவை எதுவும் இலவசமாகக் கிடைக்காது. காசு செலவழிப்பதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஓடும். பல அமெரிக்க வீடுகளில் வாட்டர் ஹீட்டர் கராஜுக்குள்ளேயே இருக்கும், அதற்குள் சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். டேங்கைத் திறக்கும் எந்த வேலையையும் வெளியே, வெட்டவெளியில் செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மீட்டர் சோதனைக்கு மட்டும் மாட்டினால் போதும், அதையும் டேங்க் மூடியிருக்கும்போது செய்யுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய டேங்க் எத்தனை வருடம் காலியாகக் கிடந்திருந்தாலும் அதில் வெல்டிங் வைக்காதீர்கள்.

முள் பொய் சொல்கிறது

அதிகமாக வரும் குறை இதுதான், எளிதில் தீரக்கூடியதும் இதுதான். கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

டேங்குக்குள் மிதவையோடு இருந்து பெட்ரோல் அளவை மின்தடையாக மாற்றி மீட்டருக்கு அனுப்பும் கருவிதான் சென்டர் (sender). இந்த ஷெவர்லே வண்டிகளின் மீட்டர் அதனிடம், டேங்க் காலியாக இருக்கும்போது 0 ஓம், நிறைந்திருக்கும்போது 90 ஓம் எதிர்பார்க்கிறது. அந்தக் காலத்து ஃபோர்டு மீட்டருக்கு நேர்மாறு: காலிக்கு சுமார் 73, ஃபுல்லுக்கு சுமார் 10. கடையில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற சென்டர்களில் பல காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33 காட்டுபவை. மீட்டர் ஒரு கணக்கிலும் சென்டர் வேறு கணக்கிலும் இருந்தால் முள் ஒழுங்காகக் காட்டவே காட்டாது.

முதலில் மீட்டரையும் வயரையும் சோதியுங்கள். சாவியை ஆஃப் செய்து, டேங்க் பக்கம் சென்டருக்கு வரும் வயரைக் கழற்றுங்கள். சாவியை ஆன் செய்தால் முள் ஃபுல்லைத் தாண்டிப் போக வேண்டும். மறுபடி ஆஃப் செய்து, அந்த வயர் நுனியைச் சேசிஸில் நன்றாகச் சேரும்படி கட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது முள் காலிக்கு விழ வேண்டும். சாவி ஆனில் இருக்கும்போது வயரைத் தட்டிப் பார்க்காதீர்கள், டேங்க் அருகே பொறி வேண்டாம். இரண்டும் சரியாக நடந்தால் முன்பக்கம் குற்றமில்லை, சென்டரையோ எர்த்தையோ பார்க்க வேண்டும். (ஃபோர்டு வைத்திருப்பவர்கள் வயரை நேராக எர்த் செய்யாதீர்கள். அந்த மீட்டர் சூடேறி வளையும் தகட்டால் வேலை செய்வது, கருகிவிடும். நடுவில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அதில் வயர் கழன்றால் காலி, எர்த் ஆனால் ஃபுல்.)

அடுத்து, வயர் கழன்ற நிலையிலேயே மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்டர் டெர்மினலிலும் மறுமுனையைச் சென்டரின் உலோக வட்டத்திலும் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது முனையை மட்டும் எடுத்துச் சேசிஸில், துரு சுரண்டிய இடத்தில் வையுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வட்டத்தில் 45 ஓமும் சேசிஸில் 70 ஓமும் வந்தால், எர்த் பாதையில் 25 ஓம் சிக்கிக்கொண்டிருக்கிறது. மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதையும் பெட்ரோல் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளும். அரை டேங்க் இருக்கும்போது முக்கால் என்று காட்டும். கால் டேங்க் இருப்பதாக நம்பி ஹைவேயில் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி நின்றுவிடும். பொய் எப்போதும் அதிகப் பக்கமே வருவதால் இதுதான் ஆபத்தானது.

காரணம் எளிது. புதிய டேங்கை ரப்பர் பட்டை வைத்து உட்கார வைத்திருப்பீர்கள். பட்டிகளுக்கும் டேங்குக்கும் பவுடர் கோட்டிங் வேறு அடித்திருப்பீர்கள். டேங்க் மின்சாரத்துக்குத் தனித் தீவாகிவிட்டது. சென்டர் வட்டத்தின் ஒரு ஸ்க்ரூவிலிருந்து சேசிஸுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுங்கள். சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பிளாஸ்டிக் டேங்க் என்றால் இந்த வயர் இல்லாமல் மீட்டர் வேலையே செய்யாது.

டேங்கை நிரப்ப நிரப்ப முள் இறங்கினால், மாட்டியது தவறான கணக்குச் சென்டர். 240-33 சென்டரில் காலி டேங்க் ஃபுல்லைத் தாண்டிக் காட்டும், ஃபுல் டேங்க் மூன்றில் ஒரு பங்கு என்று காட்டும். 0-90 சென்டர் வாங்கிப் போடுங்கள். கணக்கை மாற்றித் தரும் சிறு எலக்ட்ரானிக் பெட்டிகளும் கிடைக்கின்றன. டேங்க் உள்ளமைப்பால் வேறு வழியில்லாதபோது மட்டும் அதற்குப் போகலாம்.

இரண்டு முனையிலும் சரியாகக் காட்டி, நடுவில் ஓரிடத்தில் மட்டும் முள் ஒட்டிக்கொள்கிறது என்றால் மிதவையின் கை உள்ளே தடுப்புத் தகட்டிலோ, பெட்ரோலை உறிஞ்சும் பிக்கப் குழாயிலோ உரசுகிறது. ஆழம் பொருந்தாத சென்டரின் கையை வளைத்து மாட்டினால் இப்படித்தான் ஆகும். இன்னும் டேங்கைத் தூக்கி மாட்டாதவர்கள் இப்போதே சென்டரை வெளியில் வைத்து வயரைக் கொடுத்து, கையை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். மாட்டிய பிறகு இதே சோதனைக்கு அரை நாள் போய்விடும்.

கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது, சற்று விட்டால் கிளம்புகிறது

இதில் மூன்று சந்தேக நபர்கள். எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதால்தான் குழப்பம். வண்டி நின்ற அந்த நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. முதலில் ஒரு ப்ளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். அந்தப் பிளக்கைக் கார்புரேட்டரிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். சூடானதும் சாகும் இக்னிஷன் காயில் இந்த வயது வண்டிகளில் சகஜம். ஸ்பார்க் இருந்தால் உடனே டேங்க் மூடியைத் திறங்கள்.

உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்தால் தேடல் முடிந்தது. டேங்குக்குள் காற்று போக வழியில்லை. பம்பு பெட்ரோலை எடுக்க எடுக்க உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. ஓடும்போது பின்னாலிருந்து "டொம்" என்று தகரம் உள்வாங்கும் சத்தம் கேட்டதாகச் சிலர் சொல்வார்கள், அதுவும் இதே நோய்தான். பெட்ரோல் ஆவியை வெளியே விடக்கூடாது என்ற விதி கலிபோர்னியாவில் 1970-லும் நாடு முழுவதும் 1971-லும் புதிய கார்களுக்கு வந்தது. அதற்குப் பிந்தைய டேங்குகளுக்குக் காற்றுத் துளை இல்லாத மூடி, ஆவி போக மேலே தனிக் குழாய், அந்தக் குழாய் போய்ச் சேர முன்பக்கம் ஒரு கரி டப்பா. பிளேசர் டேங்க் அந்த ஏற்பாட்டுக்காகச் செய்யப்பட்டது. பழைய சி10-ல் அந்த டப்பா இருக்காது. மேலே சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களைப் பார்த்ததும் ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். மூடியிலும் துளை இல்லை, குழாயும் அடைப்பு.

அந்தக் குழாய்களில் ஒன்றைத் திறந்து, பெட்ரோல் ஊற்றும் வாயின் உயரத்துக்கு மேலே கொண்டுபோங்கள். வண்டி கவிழ்ந்தால் தானாக மூடிக்கொள்ளும் ரோல் ஓவர் வால்வு ஒன்றை நடுவில் போடுங்கள். முனையைக் கீழ்நோக்கித் திருப்பி, சின்ன ஃபில்டர் வைத்து, சைலன்சருக்கும் கேபினுக்கும் எட்டத்தில் முடியுங்கள். மூடியில் ஆணியால் துளை போடுகிற குறுக்கு வழி வேண்டாம். வளைவில் பெட்ரோல் தெறிக்கும், மழையில் தண்ணீர் இறங்கும். உங்கள் வண்டி கரி டப்பாவோடு வந்த மாடல் என்றால் குழாயை அதோடு சேர்ப்பதுதான் முறை, வாடையும் வராது.

சத்தம் ஏதும் வரவில்லை, இன்ஜின் கொதிக்கிற சூட்டில் இருக்கிறது, டிராஃபிக்கில் நின்ற பிறகு இப்படி ஆகிறது என்றால் லைனில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. மெக்கானிக்கல் பம்பின் மீதும் அதற்கு வரும் குழாய் மீதும் ஈரத்துணியைச் சுற்றி மேலும் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் உறுதி. பழைய டேங்கில் இது இத்தனை எளிதில் வராது, பெட்ரோல் மேலிருந்து அழுத்தத்தோடு வந்தது. இப்போது வண்டியின் வாலிலிருந்து முன்பக்கம் வரை முழுத் தூரமும் பம்பு உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாய்க்குள் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பருவகாலமும் உண்டு. எளிதில் ஆவியாகாத கோடைக் கலவையைத்தான் பெட்ரோல் பங்குகளில் விற்க வேண்டும் என்ற கட்டாயம் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைதான். குளிர்காலக் கலவை குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காக எளிதில் ஆவியாகும்படி செய்யப்பட்டது. அரிசோனாவிலும் டெக்ஸாஸிலும் மார்ச் கடைசியிலேயே வெயில் கொளுத்த ஆரம்பித்துவிடும், டேங்கில் இருப்பதோ குளிர்காலக் கலவை. "ஜூலையில் ஓடிய வண்டி மார்ச்சில் நிற்கிறதே" என்று யாராவது கேட்டால் முதலில் இதை நினையுங்கள். குழாயை சைலன்சர் இல்லாத பக்கச் சட்டத்துக்கு மாற்றுவது, வெப்ப உறை போடுவது, மூன்று வாய் ஃபில்டர் வைத்து ஆவியையும் மிச்சப் பெட்ரோலையும் தனிக் குழாயில் டேங்குக்கே திருப்பி அனுப்புவது: இந்த வரிசையில் செய்யுங்கள். மூன்றாவது வழியை ஏசி வைத்த வண்டிகளில் கம்பெனியே செய்து அனுப்பியிருக்கிறது. அப்படியும் தீராவிட்டால் டேங்க் பக்கத்தில் கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்பு.

மூன்றாவது நபர் எலக்ட்ரிக் பம்பே. அதைப் பற்றிக் கீழே.

தெருவில் நன்றாக ஓடுகிறது, ஹைவேயில் புல்லிங் இல்லை

ஒரு சிறிய கேனில் பெட்ரோல் எடுத்து, இன்ஜின் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, சிறிய ஹோஸ் ஒன்றால் அந்தக் கேனிலிருந்து பம்பு உறிஞ்சும்படி செய்யுங்கள். கேன் இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, சாயாமல் இருக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்தே சோதியுங்கள், கேனோடு ரோட்டில் போகாதீர்கள். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் லைனைக் கழற்றி அளவுப் பாத்திரத்தில் விட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். 30 முதல் 45 விநாடியில் ஒரு பின்ட், அதாவது சுமார் 470 மில்லி வர வேண்டும். கேனிலிருந்து அந்த அளவு வந்து, டேங்கிலிருந்து வராவிட்டால் பம்பு நிரபராதி.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று பிடிக்கிறது, அல்லது அடைப்பு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: "எங்கேயும் சொட்டவில்லையே" என்பார்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே பார்த்தால் காய்ந்து சுத்தமாக இருக்கும். பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குப் பெட்ரோல் தாங்கும், கண்ணாடி போல உள்ளே தெரியும் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். குமிழ் வரிசையாக ஓடினால் பின்னாலிருந்து ஒவ்வொரு இணைப்பாக வாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது சென்டரின் மேல் இருக்கும் குட்டி ஹோஸ். டேங்கைத் தூக்கி மாட்டும்போது அதுதான் மடங்கும் அல்லது கிழியும், மாட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியாத இடமும் அதுதான். இரும்புக் குழாயின் நுனியில் புடைப்பு இல்லாமல் வெறும் வெட்டு முனையில் ஹோஸைச் சொருகி க்ளாம்ப் போட்டிருந்தாலும் காற்று பிடிக்கும்.

டேங்கில் பெரிய வாய் வைத்துவிட்டு, நடுவில் பழைய 5/16 இன்ச் குழாயையே விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இத்தனை தூரத்துக்கு 3/8 இன்ச் வேண்டும், சற்றுப் பெரிய வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) என்றால் கட்டாயம்.

ரோசெஸ்டர் கார்புரேட்டர் வைத்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் குழாய் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பெரிய நட் இருக்கும், அதன் குவாட்ராஜெட் மாடலில் 1 இன்ச். குழாயைக் கழற்றி அந்த நட்டையும் கழற்றினால் விரல் நுனி அளவு ஃபில்டர் ஒன்று வெளியே வரும், பின்னாலேயே ஒரு ஸ்ப்ரிங் துள்ளிக்கொண்டு வரும். டேங்க் மாற்றும்போது பழைய குழாய்க்குள் உலர்ந்திருந்த துருவும் பிசினும் உதிர்ந்து நேரே இங்கே வந்து சேர்கின்றன. ஐடிலில் போதுமான பெட்ரோல் போகும், முழு ஆக்ஸிலரேட்டரில் போகாது. புதிய ஃபில்டரை மாட்டும்போது ஸ்ப்ரிங் முதலில், ஃபில்டரின் திறந்த வாய் நட்டைப் பார்த்து. நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் கார்புரேட்டரின் மரை போய்விடும்.

பம்பு கத்துகிறது, அழுத்தம் விழுகிறது

இது எலக்ட்ரிக் பம்பு போட்டவர்களுக்கு. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் மாற்றியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

எலக்ட்ரிக் பம்பு தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் மட்டம். அதைச் சட்டத்தின் நடுவிலோ இன்ஜின் பக்கத்திலோ வைத்தால் வறண்டு கத்தும், சூடாகும், சீக்கிரம் சாகும். டேங்கை ஒட்டி, டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கீழாகவோ வையுங்கள். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஃபில்டர், பின்னால் 10 மைக்ரான். நுண்ணிய ஃபில்டரை முன்னால் போடுபவர்கள் பம்பின் கழுத்தை நெரிக்கிறார்கள். டேங்கை எப்படியும் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால், பம்பை உள்ளேயே மூழ்கவைக்கும் வகையாக வாங்கிவிடுங்கள். சத்தமும் சூடும் ஒரே அடியில் தீரும். டேங்க் மாற்றும் வேலையில் கூடுதலாகக் காசு போட ஓரிடம் சொல்லச் சொன்னால் நான் சொல்வது இதைத்தான்.

அழுத்தக் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் பொங்கும். எல்எஸ் இன்ஜினுக்கு (ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால இன்ஜெக்‌ஷன் வி8) 58 பிஎஸ்ஐ. 1999 முதல் 2003 வரையிலான ஷெவர்லே கோர்வெட் காரின் ஃபில்டருக்குள்ளேயே 58-க்கான ரெகுலேட்டர் இருக்கிறது. அதை டேங்க் பக்கத்தில் வைத்து, திரும்பும் குழாயை அங்கேயே முடித்து, முன்னுக்கு ஒற்றைக் குழாய் இழுப்பது பலரும் செய்யும் நல்ல வழி.

முதல் சில மாதம் சரியாக இருந்து, பிறகு மெல்ல அழுத்தம் விழுந்தால் டேங்குக்குள் இருக்கும் குட்டி ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வெளியே போடும் இன்ஜெக்‌ஷன் ஹோஸ், அதாவது எஸ்ஏஇ 30ஆர்9 என்ற தரக் குறியீடு உள்ளது, உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளித்தோல் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கச் செய்யப்பட்டதல்ல. மூழ்கினால் ஊறி, ஜவ்வுமிட்டாய் மாதிரி இளகி, க்ளாம்ப் பக்கத்தில் பிளந்துவிடும். பம்பு முழு வேகத்தில் ஓடும், பெட்ரோல் டேங்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே 30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் மட்டுமே போட வேண்டும். அடிக்கு அதிக விலை, ஆனால் தேவைப்படுவது அரை அடிதான். 30ஆர்7 கார்புரேட்டர் அழுத்தத்துக்கு மட்டும்.

வோல்டேஜையும் அளந்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஓர் அளவு, பம்பின் இரு டெர்மினல்களுக்கு இடையில் ஓர் அளவு. அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர் மெலிது அல்லது எர்த் மோசம். பழைய சாவி ஸ்விட்சிலிருந்து நேரே பம்புக்கு வயர் இழுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே, 12 கேஜ் வயர். விபத்தில் பம்பு தானாக நிற்க, ஃபோர்டு வண்டிகளில் வரும் அதிர்ச்சி ஸ்விட்ச் ஒன்றைச் சேருங்கள். உடைந்த குழாய் வழியே பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தால், டேங்கைப் பத்திரமான இடத்துக்கு மாற்றியதற்கே அர்த்தமில்லை.

பெட்ரோல் வாடை

எப்போது அடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஃபுல்லாக ஊற்றிய அன்று மட்டும் அடித்து, முக்காலுக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டால் கசிவு டேங்கின் மேல்பக்கம்: சென்டர் கேஸ்கெட், வென்ட் (காற்றுக் குழாய்) இணைப்பு, ஊற்றும் ஹோஸின் கழுத்து. வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றையும் சுற்றித் துடைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். சென்டரின் பூட்டு வளையத்தைத் தட்டிக் கழற்றப் பித்தளைத் துண்டு வையுங்கள், இரும்பு உளி பொறி கக்கும். கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். சிலிக்கான் பேஸ்ட் தடவாதீர்கள், பெட்ரோலில் அது நிற்காது, உரிந்து போய் வடிகட்டியை அடைக்கும்.

ஊற்றும் கழுத்தில் ரேடியேட்டர் ஹோஸ் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். அளவு பொருந்துகிறது, வளைவும் வாகாக இருக்கிறது என்று போட்டுவிடுகிறார்கள். அது தண்ணீருக்கானது, பெட்ரோலில் ஊறி உப்பிவிடும்.

டேங்க் பின்னால் போன பிறகும் கேபினுக்குள் வாடை வந்தால், பழைய டேங்கின் துளைகளைப் பாருங்கள். கேபின் மூலையில் ஊற்றும் வாய் இருந்த ஓட்டை, தரையில் குழாய் இறங்கிய ஓட்டை. ஓடும்போது கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று, பின்பக்க ஆவியை இந்த வழியே உள்ளே இழுத்துவரும். தகரம் வைத்து வெல்டிங் செய்வது நல்லது. பழைய டேங்க், குழாய் எல்லாம் வண்டியை விட்டுப் போன பிறகு, பின் டேங்கையும் இறக்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பெட்ரோல் பங்கில் ஊற்றும் துப்பாக்கி டக் டக்கென்று நிற்கிறது

அமெரிக்கப் பங்குகளில் துப்பாக்கி நிமிடத்துக்கு 10 காலன் வரை கொடுக்கலாம். உள்ளே 38 லிட்டர் போனால் அதே அளவு காற்று அதே நிமிடத்தில் வெளியே வர வேண்டும். ஊற்றும் ஹோஸுக்குப் பக்கத்தில் ஓடும் காற்று ஹோஸ் ஓரிடத்தில் தொய்ந்து, அந்தத் தொய்வில் பெட்ரோல் தேங்கியிருந்தால் வழி அடைபட்டது. இரண்டு ஹோஸும் வாயிலிருந்து டேங்க் வரை எங்கும் மேலேறாமல் சரிந்துகொண்டே போக வேண்டும். பின்பெட்டித் தரையில் ஊற்றும் வாயை வைத்தவர்களுக்கு உயரம் போதாமல் இந்தச் சிக்கல் சகஜம், பக்கச் சுவரில் வாய் வைத்தால் தீரும்.

கால் டேங்கில் வளைவு திரும்பும்போது திக்குகிறது

பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பிக்கப் குழாய் காற்றை விழுங்குகிறது. தடுப்புத் தகடு இல்லாத டேங்கில் இதைத் தவிர்க்க முடியாது. கார்புரேட்டர் வண்டி தன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலால் சமாளித்துவிடும், இன்ஜெக்‌ஷன் உடனே திக்கும். டேங்க் வாங்கும்போதே உள்ளே தடுப்பும் சின்னக் குழியும் உள்ளதாக வாங்குங்கள்.

பள்ளத்தில் பின்னால் இடிக்கிறது

பின்பக்கம் தாழ்த்திய வண்டியா? டிஃபரன்ஷியல் உருண்டை டேங்கின் முன்சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். வண்டியைச் சட்டத்தில் ஸ்டாண்டு வைத்துத் தூக்கி, ஸ்ப்ரிங்கைக் கழற்றி, ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் சட்டத்தில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) வரை ஏற்றிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. கண்ணால் மட்டும் பார்த்து "இடம் இருக்கிறது" என்று விடாதீர்கள். 25 காலன் பெட்ரோல் சுமார் 70 கிலோ இருக்கும், அது ஏறியதும் பின்பக்கம் இன்னும் தாழும். டேங்கில் உரசிய பளபளப்புத் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டக்கூடாது.

மழைக்குப் பிறகு மிஸ்ஸிங்

பின்பெட்டித் தரையோடு மட்டமாக வைத்த மூடியின் குழியில் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்குகிறது. அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் படியும், பிக்கப் குழாய் அதைத்தான் முதலில் உறிஞ்சும். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். கீழே தனி அடுக்காக நின்றால் டேங்க் முழுவதையும் காலி செய்ய வேண்டும், மேலே புதிய பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது. மூடிக் குழிக்கு வடிகால் துளை போட்டு, ஒரு ஹோஸ் வைத்துத் தரைக்கு விடுங்கள்.

இரண்டு டேங்க் வண்டி: ஒன்று காலியாகிறது, மற்றது பொங்குகிறது

1973-க்குப் பிந்தைய வண்டிகளில் இரு பக்கமும் டேங்க் வைத்தவர்களுக்கும், பின்னால் கூடுதலாக ஒன்று சேர்த்தவர்களுக்கும் வருவது இது. திரும்பும் குழாய் உள்ள வண்டியில், டேங்க் மாற்றும் வால்வு உறிஞ்சும் வழியை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பும் வழியைப் பழைய டேங்கிலேயே விட்டுவிட்டது. உறிஞ்சுவது ஒன்றிலிருந்து, திரும்பிப் போவது இன்னொன்றுக்கு. இரண்டையும் சேர்த்து மாற்றும் ஆறு வாய் வால்வு போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால், வால்விலிருந்து ஒரு டேங்குக்குத் திரும்பிப் போகும் குழாயைக் கழற்றி முனையை ஒரு பாத்திரத்தில் விட்டு, வால்வை ஒவ்வொரு பக்கமும் மாற்றிப் பாருங்கள். பெட்ரோல் வர வேண்டிய பக்கம் மட்டும் வந்தால் வால்வு சரி, ஹோஸ்களைத்தான் மாற்றிச் சொருகியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் கசிந்தால் வால்வை மாற்றுங்கள். அது வந்து சேரும்வரை எந்த டேங்கையும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.